மாநாட்டுத் தீர்மானமும் மலையடிவாரமும்

மருத்துவர் சங்கத்தின் மாநில மாநாட்டை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு பெரிய கல்யாண மண்டபக் கூட்டமாகத்தான் தெரியும். காலையில் புதிய சிகிச்சை முறைகள் பற்றிய உரைகள், பிற்பகலில் மாநிலக் குழுக் கூட்டம், மாலையில் புதிய தலைவர் பதவியேற்பு. இந்தச் சந்தடிக்கு நடுவே, மறுநாள் நாளிதழில் நான்கு வரிக்கு மேல் இடம் பெறாத ஒரு காரியமும் நடக்கும். எங்கோ ஓர் ஊர்க் கிளையில் ஒரு மருத்துவர் சொன்ன குறை, மாநிலக் குழுவில் வாசகம் திருத்தப்பட்டுத் தீர்மானமாகி, கோட்டையில் சுகாதாரத் துறைச் செயலருக்குப் போய்ச் சேரும். பெரும்பாலானவை அங்கேயே கோப்பில் அடங்கிவிடும். சில அரசாணை ஆகும், சட்டம் ஆகும், அபூர்வமாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஆகும். எவை அடங்கின, எவை நிலைத்தன என்று ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மருத்துவரின் தொழில் நலனும் நோயாளியின் தேவையும் ஒரே கோரிக்கைக்குள் வந்தபோது சங்கங்கள் வென்றன. வென்றது நிலைக்கவும் செய்தது. இரண்டும் பிரிந்தபோது சங்கங்கள் தோற்றன, அல்லது வென்றும் ஊருக்குக் கேடு செய்தன. சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியாது. மருத்துவரைத் தேடி நோயாளி மலையிறங்கி வரவேண்டிய ஓர் ஊரிலிருந்து பார்க்க வேண்டும். போடிநாயக்கனூர் அப்படிப்பட்ட ஊர்.

போடியை ஏலக்காய் ஊர் என்கிறோம். செடி நிற்பது பெரும்பாலும் மலைக்கு அப்பால், கேரளத்தின் உடும்பன்சோலைப் பக்கத்தில். காய் தரம் பிரிக்கப்படுவதும் விற்பனைக்கு வருவதும் போடியில். வேலைக்குப் போகும் கைகளும் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் கைகள்தாம். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், பக்கத்தில் ஓடை வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பிய அனாபிலஸ் ஃபுளுவியாடிலிஸ் கொசுவுக்கும் அதே ஓடைக்கரைதான் வேண்டும். தெளிந்த நீர் மெல்ல ஓடும் இடத்தில் அது முட்டையிடும். காய் எடுக்க மலையேறியவர்கள் கூலியோடு காய்ச்சலையும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே பள்ளத்தாக்கிலும் நிம்மதி இல்லை. பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் வேரூன்றி நின்றதைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் நடத்திய ஆய்வு, 1934-இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளிவந்தது. எலியையும் தெள்ளுப்பூச்சியையும் ஊர் ஊராக ஆராய்ந்த அந்த வேலை இன்றும் பிளேக் பற்றி எழுதுபவர்கள் எடுத்துக்காட்டும் ஒன்று. அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. நோயாளி டோலியில் வந்தார். ஒரு மூங்கில் கழி, அதன் நடுவே ஏணையாகக் கட்டிய போர்வை, முன்னும் பின்னும் தோள் மாற்றிக்கொள்ள நான்கைந்து ஆட்கள். கம்பிவடம் போய்விட்டது. டோலி போகவில்லை. அகமலை, கோட்டகுடி ஊராட்சிகளில் சாலை எட்டாத குடியிருப்புகளிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் அப்படித் தூக்கி வரும் செய்தி இன்னும் வருகிறது. ஒரு மருத்துவர் சங்கத்தின் தீர்மானம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு இந்தப் பாதையைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை என்று நான் நினைக்கிறேன்.

தொடக்ககாலச் சங்கங்கள் இந்தப் பாதையை எட்டவில்லை. எட்ட நினைத்ததாகவும் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் இயங்கிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் தென்னிந்தியக் கிளை பெரிதும் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மருத்துவப் பணியின் அதிகாரிகளுக்கான இடம். மாவட்டத் தலைமை மருத்துவப் பதவிகள் அவர்கள் கையில் இருந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து வெளிவந்த இந்தியருக்குக் கீழ்ப்பதவி, அல்லது தனிப் பிராக்டிஸ். 1914-இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. யார் மருத்துவர், யார் மருத்துவர் அல்லர் என்று சட்டம் கோடு கிழித்த பிறகு, கோட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றுகூடிப் பேசும் அவசியமும் வந்தது. 1928 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த அகில இந்திய மருத்துவ மாநாட்டின் ஐந்தாவது அமர்வில் இன்றைய இந்திய மருத்துவச் சங்கத்துக்கு அடித்தளம் இடப்பட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சங்கத்தின் முதல் தலைமுறை பேசியது ஐ.எம்.எஸ். ஆதிக்கம் ஒழிய வேண்டும், அரசு மருத்துவமனைகளில் இந்தியத் தனி மருத்துவர்களுக்குக் கௌரவப் பதவி வேண்டும், இந்தியப் பட்டத்தை இந்தியாவே மதிப்பிட வேண்டும் என்பனவற்றை. எல்லாம் நியாயமான கோரிக்கைகள். 1930-இல் இங்கிலாந்தின் பொது மருத்துவக் கழகம் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டபோது இங்கே எழுந்த கோபம் வெறும் தொழில் கோபம் அன்று, அரசியல் கோபம். 1933-இன் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் அதன் விளைவு. ஆனால் கல்கத்தாவிலும் சென்னையிலும் யார் எந்த நாற்காலியில் அமர்வது என்ற வழக்கு தீர்ந்தாலும் தீராவிட்டாலும், கோட்டகுடியிலிருந்து இறங்கிவந்த டோலிக்கு அதில் ஒன்றும் இல்லை.

டோலிக்குப் பயன்படக்கூடிய ஏற்பாடு ஒன்று அதற்கு முன்பே வந்திருந்தது. 1919 சீர்திருத்தத்தின்படி மருத்துவமும் சுகாதாரமும் இந்திய அமைச்சர்களின் பொறுப்புக்கு மாறின. சென்னை மாகாணத்தில் பனகல் அரசர் தலைமையிலான ஜஸ்டிஸ் கட்சி அமைச்சரவை 1924-25 வாக்கில் மானிய மருத்துவர் திட்டத்தைத் தொடங்கியது. தனியாகப் பிராக்டிஸ் செய்யும் மருத்துவர் ஒரு கிராமத்தில் குடியேற வேண்டும். ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஈடாக அவருக்கு ஆண்டு மானியமும் மருந்துச் செலவும் கிடைக்கும். வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளத் தடை இல்லை. இந்த ஏற்பாட்டின் எளிமையை இன்றைய திட்டங்கள் பலவற்றில் பார்க்க முடியாது. நகரத்தில் நோயாளி வராமல் காத்திருந்த இளம் மருத்துவருக்கு அது பிழைப்பு. ஊருக்கு அது மருத்துவர். தியாகத்தை நம்பி வகுத்த திட்டம் அன்று, இருவர் தேவையையும் ஒன்றாய் முடிந்த திட்டம். பின்னால் சங்கங்கள் வென்ற இடங்களில் எல்லாம் இந்த முடிச்சுத்தான் இருந்தது.

இந்த முடிச்சு அவிழ்ந்த கதையும் நம்மிடம் உண்டு. அந்தக் காலத்துச் சிற்றூர் மருத்துவர் என்றால் பெரும்பாலும் எல்.எம்.பி. டாக்டர்தான். கல்லூரிப் பட்டம் அல்லாத, மருத்துவப் பள்ளியில் சில ஆண்டு படித்த உரிமம். தஞ்சாவூரிலும் சென்னை ராயபுரத்திலும் இத்தகைய பள்ளிகள் நடந்தன. ராயபுரம் பள்ளிதான் 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1933 சட்டம் எல்.எம்.பி.க்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. அவர்கள் தங்களுக்கென அகில இந்தியச் சங்கம் வைத்துப் போராடினார்கள். இரண்டாம் தர மருத்துவர் என்ற முத்திரை அவர்களுக்கு வலித்தது. 1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை தந்த போர் (Bhore) குழு, நாடு முழுதும் ஒரே வகை அடிப்படை மருத்துவர் போதும், உரிமப் படிப்பு வேண்டாம் என்றது. ஆர்க்காடு லட்சுமணசாமி முதலியார் உள்ளிட்ட பெரியவர்கள் அமர்ந்திருந்த குழு அது. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் இந்த ஒரு பரிந்துரையை மட்டும் ஏற்கவில்லை; மருத்துவர் பஞ்சம் தீரும்வரை உரிமப் படிப்பு தொடரட்டும் என்றார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. பள்ளிகள் மூடப்பட்டன அல்லது கல்லூரிகளாயின, இருந்த எல்.எம்.பி.க்களுக்குச் சுருக்கப் படிப்பில் எம்.பி.பி.எஸ். ஆக வழி திறந்தது. தொழிலின் மதிப்பு உயர்ந்தது. சிற்றூரில் உட்காரத் தயாராக இருந்த ஒரு தலைமுறைக்கு வாரிசு இல்லாமல் போனது. போர் குழு நாற்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று கணக்குப் போட்டது. கட்டடம் எழுந்த இடங்களிலும் மருத்துவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் பட்டமில்லாத ஊசிக்காரர் வந்து அமர்ந்தார். போலி மருத்துவர் ஒழிப்பைத் தீர்மானமாக நிறைவேற்றும்போது, அந்தப் போலிக்கு இடம் விட்டதில் தங்கள் முன்னோரின் வெற்றிக்கும் பங்கு உண்டு என்பதைச் சங்கத்தார் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே தரம் என்ற இலட்சியத்தை நான் குறை சொல்லவில்லை. தரத்தைக் கேட்டவர்கள், அந்தத் தரத்தோடு மலையடிவாரத்துக்குப் போகும் ஆளையும் சேர்த்துக் கேட்கவில்லை என்பதே குறை.

தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரம் வளர்ந்தது அரசாலும் அரசியலாலும்தான், மருத்துவர் சங்கங்களுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்விதான். 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. சங்கத் தீர்மானத்தால் வந்ததன்று. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஆரம்ப சுகாதார நிலையம்வரை மாத்திரை தவறாமல் போய்ச்சேர வழிசெய்தது. அது நிர்வாகத் திறமையின் வெற்றி. இவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 1939 சட்டம் வந்தபோது ராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அவர் அரசியல்வாதி ஆவதற்கு முன்பே மருத்துவர். சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்து தேவதாசி முறை ஒழிப்புக்கு வழிகோலிய முத்துலட்சுமி ரெட்டியும் மருத்துவர். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கும்வரை அவர் நடத்தியதும் வாதாட்டம்தான், அவையிலும் வெளியிலும். நோயாளியின் படுக்கையருகே நின்றவர் அதிகாரத்தின் முன் போய்ப் பேசும்போது, அந்தப் பேச்சுக்கு வேறு யாருக்கும் இல்லாத கனம் வருகிறது. சங்கம் என்பது இந்தத் தனிமனித வலிமையை ஒரு மாவட்டத்துச் சாதாரண மருத்துவருக்கும் தருவதற்கான ஏற்பாடு. முத்துலட்சுமிகள் எப்போதாவதுதான் பிறப்பார்கள். ஒரு தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவரின் குரல் மாநிலம்வரை கேட்க, கிளையும் மாநாடும் வேண்டியிருக்கின்றன.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. மருத்துவர் சங்கம் என்பது தொழிற்சங்கம்; தன் உறுப்பினர் வருமானத்தைக் காப்பதே அதன் வேலை; மக்கள் நலன் என்பது மேலே தூவும் சர்க்கரை என்பது அது. இதற்கும் சான்று கிடைக்கும். 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் உறுப்பினர்கள் தேசிய சுகாதாரச் சேவைக்கு எதிராகப் பெருவாரியாக வாக்களித்தார்கள். அந்த ஜூலையிலேயே சேவை தொடங்கி, இன்று அந்நாட்டினர் எதை விட்டாலும் அதை விடமாட்டார்கள் என்ற நிலை. 1962-இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாண மருத்துவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து பின்வாங்கினார்கள். அந்தக் காப்பீடு பிறகு நாடு முழுதும் பரவியது. நம்மிடமும் உண்டு. 2007-இல் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ், அவரே மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடிப்பவர்களுக்கு ஓராண்டு கிராமப் பணியைக் கட்டாயமாக்க முயன்றபோது தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2010 வாக்கில் கிராமத்துக்கென மூன்றரை ஆண்டுப் படிப்பு பேசப்பட்டபோது இந்திய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது, எல்.எம்.பி. கதை மறுபடி நடந்தது போலத்தான். ஆகவே மறுப்பில் பாதி உண்மை. ஆனால் இந்தச் சான்றுகளைக் கவனித்துப் பார்த்தால், சங்கம் தன் நலனைக் கேட்டதால் மட்டும் தோற்கவில்லை. எதிர்ப்பை மட்டும் சொல்லி, நோயாளிக்கு மாற்றுவழி எதையும் அதனோடு வைக்காததால் தோற்றது. மாணவர்கள் கிராமத்துக்குப் போக மாட்டோம் என்றது செய்தி ஆயிற்று. போனால் எங்களுக்கு அங்கே தங்க வீடும் மருந்தும் செவிலியரும் மேற்படிப்புக்கு வழியும் வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த வாதத்தை யாரும் எளிதில் தள்ளியிருக்க முடியாது.

அப்படிக் கேட்டதற்கும் நம்மிடம் ஒரு பெரிய உதாரணம் உண்டு. என் வாதத்தின் கனம் இதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசுக்குரிய மருத்துவ முதுநிலை இடங்களில் ஐம்பது சதவீதத்தை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டு உழைத்தால் எம்.டி., எம்.எஸ். படிக்கலாம் என்ற நம்பிக்கையே பல இளைஞர்களை மலையடிவாரத்துக்கு அழைத்து வந்தது. 2016 ஆகஸ்டில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மத்திய ஒழுங்குமுறைகளின்படி முதுநிலைப் பட்டப் படிப்புகளில் இப்படித் தனி ஒதுக்கீடு கூடாது, தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றியதற்கு ஊக்க மதிப்பெண் தரலாம் என்று கூறியது. ஓராண்டுக்குப் பத்து சதவீதம், அதிகபட்சம் முப்பது. 2017 ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் புறநோயாளிப் பிரிவைப் புறக்கணித்துப் போராடினார்கள். அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை அன்று, வேதனை: எந்த ஊர் மலைப்பகுதி, எந்த ஊர் கடினப் பகுதி என்ற பட்டியலே உயர் நீதிமன்ற வழக்கானது. காடும் மலையும் ஏறி மருத்துவம் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அரசாணையின் இணைப்புப் பட்டியலில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் இந்த ஒதுக்கீட்டுக்காக உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போய், 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பாயிற்று. தரத்தை நிர்ணயிப்பது மத்திய அரசின் அதிகாரம். பணியிலுள்ள மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்குவது பொதுப் பட்டியலின் கீழ் மாநிலத்துக்கு உள்ள அதிகாரம். மத்திய ஒழுங்குமுறை அதைப் பறிக்க முடியாது என்றது தீர்ப்பு. சங்கம் பெற்ற வெற்றி. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: இப்படிப் படித்து வெளிவருபவர் ஐந்தாண்டு கிராம, பழங்குடி, மலைப் பகுதிகளில் பணியாற்ற வேண்டும், அதற்குப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்பதை மாநிலங்கள் தங்கள் கொள்கையில் சேர்க்க வேண்டும் என்றது. நூறாண்டுக்கு முன் பனகல் அரசரின் திட்டத்தில் இருந்த அதே முடிச்சை நீதிமன்றம் மறுபடி போட்டது. ஒரு மருத்துவரின் முன்னேற்றப் படிக்கட்டும் ஒரு மலைக் கிராமத்தின் தேவையும் ஒரே வாக்கியத்துக்குள் வந்ததால்தான் அந்த வழக்கு நிற்க முடிந்தது. ஒதுக்கீடு என்பது எங்கள் உரிமை என்று மட்டும் வாதாடியிருந்தால், திறமை அடிப்படையில் மட்டுமே இடம் என்று எதிரே நின்றவர்களின் வாதத்தை வெல்வது கடினமாக இருந்திருக்கும்.

இதற்கும் ஒரு மறுப்பு வரும்: மேற்படிப்பு முடித்தவர் போடியில் இருக்க மாட்டார், மதுரைக்கோ கோவைக்கோ போய்விடுவார் என்பார்கள். சிலர் போவார்கள், பத்திரத்தை மீறுபவர்களும் இருப்பார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். தாலுகா மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு ஒரு சிசேரியன் நடக்க வேண்டுமானால் மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது, மயக்க மருத்துவர் வேண்டும், குழந்தை மருத்துவர் வேண்டும். அரசுப் பணியில் இருப்பவருக்கு முதுநிலைப் படிப்பு அடைபட்டால் இந்த மூவரில் ஒருவர்கூட அங்கே வரமாட்டார். 2004-இல் தேனிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததும், மதுரைக்கு ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் போகவேண்டியிருந்த போடிக்காரரின் பாதை பாதிக்கும் கீழே சுருங்கியது. கல்லூரியின் கட்டடத்தை அரசு கட்டியது. அதன் பேராசிரியர் நாற்காலிகளில் அமர வேண்டியவர்கள் முதுநிலைப் பட்டம் பெற்ற அரசு மருத்துவர்கள். இரண்டில் ஒன்றை விட்டால் மற்றது வெறும் சுவர்.

அரசு தரப்பிலும் ஒரு பிழை உண்டு. சங்கங்கள் அதைப் போதிய அளவு உரக்கச் சொல்லவில்லை என்பது என் வருத்தம். 2019 அக்டோபர் 25 முதல் ஒரு வாரம், அரசு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு வேலைநிறுத்தம் செய்தது. 2009-இன் 354-ஆம் எண் அரசாணைப்படி ஊதிய உயர்வு, நோயாளிகள் எண்ணிக்கைக்கேற்ற மருத்துவர் பணியிடங்கள் என்பன கோரிக்கைகள். அரசு போராட்டத்தை முறிக்க எடுத்த கருவிகளில் ஒன்று தொலைதூர இடமாற்றம். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்பது நம் அரசு அலுவலகங்களில் காலங்காலமாக வழங்கும் மிரட்டல். ஆனால் ஒரு மலையடிவார மருத்துவமனையைத் தண்டனை இடமாக அரசே அறிவித்துவிட்டு, அங்கே போக மருத்துவர் மனம் வைக்கவில்லை என்று பிறகு குறைபடுவது என்ன நியாயம்? அங்கே வரும் தண்டனைக்காரரிடம் சிகிச்சை பெறும் நோயாளி என்ன குற்றம் செய்தார்? நோயாளிகள் எண்ணிக்கைக்கேற்ற பணியிடம் என்ற கோரிக்கை மக்களுடையது. ஊதிய உயர்வு மருத்துவருடையது. போராட்டம் நடந்த நாட்களில் இரண்டாவதே செய்திகளில் மேலோங்கியது. பொதுமக்கள் ஆதரவு கைநழுவியதற்கு இது ஒரு காரணம் என்றே கருதுகிறேன். மருத்துவர் மீதான வன்முறையைத் தடுக்க 2008-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அதன் பின்னும் 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். சட்டம் அவசியம். ஒரே மருத்துவர் நூறு பேரைப் பார்க்கும் இரவை அந்தச் சட்டம் மாற்றாது.

2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே உள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேற்றம் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் அன்றும் பிறகு மருத்துவமனைகளிலும் இறந்தனர். தீக்காயம் பட்டவர்களை முதலில் எட்டியவர்கள் மலைக் கிராமத்து மக்கள். போர்வையில் டோலி கட்டி இறக்கினார்கள். போடி அரசு மருத்துவமனை, பிறகு க.விலக்கு, பிறகு மதுரை. கடுமையான தீக்காயத்தில் முதல் சில மணி நேரத்தில் உடலிலிருந்து வற்றும் நீரை ஈடுகட்டுவதே உயிரைப் பிடித்து வைக்கும் வேலை. அதைச் செய்யும் முதல் இடம் மலையடிவாரத்துத் தாலுகா மருத்துவமனைதான். அங்கே எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், கையில் என்ன இருக்கிறது என்பது அந்த இரவில் தீர்மானமாவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எதையோ கேட்டார்களா, கேட்கவில்லையா என்பதில் தீர்மானமாகியிருக்கும்.

இனிக் கேட்க வேண்டியது எது என்று யோசித்தால், பதில் போடிமெட்டுச் சாலையிலேயே இருக்கிறது. விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. பொழுது சாயும்போது இறங்குகின்றன. உறங்குவது தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். மூணாறின் தேயிலைத் தொழிலாளிக்குக் கம்பெனி மருத்துவமனை உண்டு, லயம் உண்டு. ஏலத் தோட்டத் தொழிலாளிக்கு இரண்டும் அரிது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை உரிமையாளர் பொறுப்பாக்கியது. ஆனால் அது ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் உள்ள தோட்டத்துக்குத்தான் பொருந்தும் என்று 1981-இல் வகுக்கப்பட்டது. ஏல விவசாயிகளில் பெரும்பாலோர் சிறு உடைமைக்காரர்கள். அதற்கும் மேலே எல்லைப் பிரச்சினை. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான். ஜீப் கவிழ்ந்தால் ஒரு மாநிலத்தின் விபத்து, இன்னொரு மாநிலத்தின் நோயாளி. ஏலத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்ததால் வந்த மயக்கமும் வாந்தியும் போடியில் வயிற்றுக் கோளாறாகப் பதிவாகிவிட்டால், அந்தக் கணக்கு தோட்டம் இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்குப் போவதே இல்லை.

இது மருத்துவர் வேலையா, தொழிலாளர் துறை வேலையா என்று கேட்கலாம். கேரளத்தின் காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி செய்த கொடுமையை முதலில் உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு கிராம மருத்துவர், மோகன்குமார். தம்மிடம் வரும் குடும்பங்களில் ஒரே வகைக் கேடு மீண்டும் மீண்டும் வருவதை எழுதி வைத்தார், சொல்லிக்கொண்டே இருந்தார். 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பூச்சிக்கொல்லிக்கு நாடு முழுதும் தடை விதித்தது. நோய் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் காண்பவர் மருத்துவர். தொழிலாளர் துறை ஆய்வாளர் காண்பது பதிவேட்டை. ஆகவே தேனி மாவட்டத்து மருத்துவர்களும் இடுக்கி மாவட்டத்து மருத்துவர்களும் இரு மாநிலச் சங்கங்களிலும் ஒரே வாசகத்தில் ஒரு கோரிக்கையை வைக்க முடியும். அதில் தொழில் நலனும் வரட்டும்: போடி அரசு மருத்துவமனையில் தொழில்சார் நோய் மருத்துவருக்கு ஒரு பணியிடம், அங்கே பணிபுரியும் ஆண்டுகளுக்குக் கடினப் பகுதி மதிப்பெண், அந்தத் துறையில் முதுநிலைப் படிப்புக்கு வழி. அதனோடு நோயாளிக்கு வேண்டியதும் வரட்டும். புதிதாகச் சட்டம் இயற்றச் சொல்லவும் தேவையில்லை. 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகளில் 37-ஆம் விதி, மருந்தடிக்கும் வேலையில் இருப்பவரை வேலைக்கு எடுக்கும் முன்பும் அதன் பிறகு அவ்வப்போதும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளைக் கையாள்பவருக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்கிறது. எந்த மாநில எல்லையையும் அந்த விதி குறிப்பிடவில்லை.